பச்சையம்மாளின் ஆட்சேபணை

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த டைரி வக்கீல் சங்கத்தில் கொடுத்தது. கோர்ட்டு வளாகத்துக்குள் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பெரிய சங்கம் இல்லை. டயர் கடை மாடியில் இருக்கும் சின்னச் சங்கம். நம்ம காலனிகளில் இருந்து படித்து வந்த வக்கீல் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்துவது.

"யாரு வந்தாங்க, என்னா மெரட்டுனாங்கன்னு அன்னன்னிக்கே எழுதி வைங்க ஆயா. கோர்ட்டுல தேதி கேப்பாங்க" என்று எஸ்தர் சொன்னாள். அங்கே அவள்தான் வயதில் சின்ன வக்கீல்.

எழுதி வைத்துத்தான் எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்பதில்லை. என் கல்யாணப் பந்தியில் சோறு குழைந்துவிட்டது என்று சொன்னவள் யார், அப்போது எந்த நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து வீணாகப் போக வேண்டாம்.

இன்று யாரும் வரவில்லை. ஆடுகளை ஏரிக்கரையில் மேய்த்தேன். பேத்தி செவ்வந்தி இன்றும் காலேஜுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

தேதி கேட்பார்களாம். சொல்கிறேன். போன ஆவணி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, சாயங்காலம். என் பேரன் இளமாறன் அவன் தங்கை செவ்வந்தியை நர்ஸ் காலேஜ் பஸ் நிறுத்தத்தில் இருந்து புது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஏரிக்கரைப் பாதையில் சேறு. அதனால் மேலத்தெரு வழியாக வந்தான். அங்கே வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வரவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம். அந்தத் தெரு ராஜமாணிக்கத்தின் மகன் தண்டபாணி தண்ணீர்க் குழாய்க் கம்பியால் தலையில் அடித்தான். மூன்று நாள் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இருந்து இளமாறன் செத்தான்.

பார்த்தவள் செவ்வந்தி ஒருத்திதான். தெருவே பார்த்தது. ஆனால் பார்த்தேன் என்று சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

இவர்கள் அம்மா, என் மகள், இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்பன் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கிறான். சாவுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தண்டபாணி ஜாமீன் கேட்டு மனு போட்டிருக்கிறான். எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. சங்கத்துக்குப் போனேன்.

அங்கே தலைவர் ஏகாம்பரம். இவன் அப்பன் முனிரத்தினம் எங்கள் காலனியில் முதலில் ரயில்வே வேலைக்குப் போனவன். என் வீட்டுக்காரரைப் பொய்க் கேசில் பிடித்துக்கொண்டு போனபோது, ஜாமீன் கையெழுத்துப் போட வேலையில் இருக்கும் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். இரண்டு பிள்ளைகளோடு அவன் வாசலில் போய் நின்றேன். "எனக்கு அரசாங்க வேலை, வம்புல மாட்ட முடியாது" என்று கதவைச் சாத்தினான். சாத்திய கதவு நீலப் பெயிண்ட். வீட்டுக்காரர் ஜெயிலில் இருமிக்கொண்டு வந்து, அந்த இருமலிலேயே போனார்.

அதனால் நான் ஏகாம்பரத்தோடு நேராகப் பேசுவதில்லை. அவன் எஸ்தரிடம் சொல்வான், எஸ்தர் என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்போம்.

"ஆயாகிட்ட சொல்லும்மா. பெரிய சங்கத்துல தீர்மானம் போட்டிருக்காங்க. ராஜமாணிக்கத்தோட மச்சான் அங்க பழைய செயலாளரு. அவங்க குடும்பத்துக்கு எதிரா யாரும் ஆஜராகக் கூடாதுன்னு தீர்மானம்."

"ஆயா, தலைவரு சொல்றாரு..."

"காது கேக்குது" என்றேன். "இவங்க மட்டும் எப்பிடி வர்றாங்களாம், கேளு."

"அதுக்குத்தான் இந்தச் சங்கமே" என்றான் ஏகாம்பரம், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் ஜூனியரா சேரணும்னு பன்னெண்டு சீனியர் வாசல்ல நின்னேன். ஊரு பேரக் கேட்டான், அப்பறம் தெரு பேரக் கேட்டான், அப்பறம் எடம் இல்லன்னான். இங்க அப்பிடிக் கேக்க மாட்டோம்னு சொல்லு."

நல்ல பேச்சுத்தான். இவன் அப்பனும் நன்றாகப் பேசுவான்.

பிப்ரவரி 17, திங்கள்

மோசம்.

யாரோ ஒரு வக்கீல் மேல் இன்ஸ்பெக்டர் கை நீட்டிவிட்டாராம். பெரிய சங்கம் வியாழன், வெள்ளி இரண்டு நாள் கோர்ட்டுப் புறக்கணிப்பு அறிவித்துவிட்டது. நம்ம ஜாமீன் மனு வியாழக்கிழமை.

சின்னச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும்.

"புறக்கணிப்பு நமக்குத்தான்டா" என்றான் ஒருவன். "அவங்க வாதத்தையெல்லாம் எழுதி முன்னாடியே உள்ள குடுத்துட்டாங்க. அப்பன்காரன் நேர்ல நின்னு கும்புடு போடுவான். நீதிபதி படிச்சிப் பாத்து உத்தரவு போட்டுடுவாரு."

"அப்ப உள்ள போவலாம்."

"போனா? கோர்ட்டு கேட்டுல நிக்கறது எரநூறு பேரு. நாளைக்கே பெரிய சங்கத்து உறுப்பினரு பட்டியல்லேர்ந்து தூக்குவான். லைப்ரரி கெடையாது, சேமநல நிதி கெடையாது. எம் பொண்டாட்டி ஆபரேஷனுக்கு மனு போட்டிருக்கறன்ணே. எனக்கு எதுனா சொல்லுங்க."

"அதுவும் அடிபட்டது ஒரு வக்கீலு. நாம உள்ள போனா, பாத்தியா இவனுங்க எப்பவும் இப்பிடித்தான்னு பேசுவான்."

பிறகு எஸ்தரின் குரல் மட்டும்: "செவ்வந்திகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

கை தூக்கச் சொன்னார்கள். எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். உள்ளே போக வேண்டாம் என்று தூக்கிய கைகளில் ஏகாம்பரத்தின் கையும் இருந்தது. தலை குனிந்துகொண்டு தூக்கினான். எப்படித் தூக்கினால் என்ன.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரு வழி இருக்கிறதாம். சட்டத்தில் பேசும் உரிமை வக்கீலுக்கு இல்லையாம், எனக்குத்தானாம். செத்தவன் குடும்பத்து ஆள் நேரில் நின்று ஆட்சேபணை சொன்னால் நீதிபதி கேட்டுத்தான் ஆக வேண்டுமாம். எந்தச் சங்கமும் என்னைத் தடுக்க முடியாதாம்.

"ஆயாவுக்கு நாலு வரி சொல்லிக் குடு" என்றான் ஏகாம்பரம் எஸ்தரிடம். "நாங்க ஒரே ஊர்ல இருக்கறோம். அவன் வெளிய வந்தா எம் பேத்திய மெரட்டுவான். ஏற்கெனவே ஆள் வுட்டு மெரட்டுனாங்க. சாட்சி முடியற வரைக்கும் வுடாதீங்க. அவ்ளோதான். பழைய கதை எதையும் எடுக்க வேணாம்னு கண்டிப்பா சொல்லு. ஒரு வார்த்தைகூட."

"ஏனாம்?" என்றேன்.

"பழைய பகைன்னு எழுதிடுவாங்க ஆயா. பகையினால பொய்க் கேசு போட்டோம்னு ஆயிடும்."

எனக்குத் தெரியாதா? பழைய கதையை எடுத்தால் இவன் அப்பன் சாத்திய கதவும் அதில் வரும். சங்கத் தலைவருக்கு மானம் போகும். அதுதான் விஷயம்.

சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும்போது செவ்வந்திக்கு வேர்க்கடலை வாங்கினேன். தொடவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பேசிவிட்டேன்.

கேட்டில் கறுப்புக் கோட்டுகள் வரிசையாக நின்றன. கோஷம் போட்டார்கள். நம்ம ஆட்களும் அதே வரிசையில் ஓரமாக நின்றார்கள். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. எஸ்தர் மட்டும் "தைரியமா போ ஆயா" என்று உதட்டை அசைத்தாள். ஒரு பெரிய வக்கீல், "கெழவி தனியா போவுது, வாதாடப் போவுதாம்" என்றான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். இடது கன்னத்தில் மச்சம் உள்ளவன். மனசில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே மின்விசிறிச் சத்தம்தான். டவாலி என் பேரைக் கூப்பிட்டார். பச்சையம்மாள் என்று முழுசாகக் கூப்பிட்டார். என்னை அப்படி யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

ராஜமாணிக்கம் கை கட்டி நின்றான். அரசு வக்கீல் "கோர்ட்டே பாத்து முடிவு செய்யலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீதிபதி அய்யா என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா ஆட்சேபணை?" என்றார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

நாலு வரியும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினான். அவன் அப்பனுக்கும் அதே செருமல்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி மீன் குத்தகையில் எங்களுக்குப் பங்கு கேட்டதற்கு அவன் அப்பன் என் வீட்டுக்காரரைக் கட்டி வைத்து அடித்தது, அன்றைக்கு எந்த வேப்ப மரம், எந்தக் கயிறு, பொய்க் கேசு, ஜெயில், இருமல், சாத்திய கதவு. அந்த வீட்டு வாசலில் நான் மண்ணை வாரித் தூற்றியது. இந்த வீட்டில் விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று மாரியம்மன் முன்னால் சொன்னது. வருஷா வருஷம் ஆடியில் அதைத் திருப்பிச் சொல்வது. ஒன்றையும் விடவில்லை. நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"அப்போ ரொம்ப காலமா உங்களுக்கும் அவங்களுக்கும் பகை இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கய்யா. என் கட்டை வேகற வரைக்கும் இருக்கும்."

தட்டச்சு செய்யும் பெண் அத்தனையும் அடித்தாள். நீதிபதி அய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். வாய் ஓரம் என்னவோ போல இருந்தது. வெட்கமாக இருக்கும்.

வெளியே வந்ததும் எஸ்தர் ஓடி வந்தாள். "என்னா சொன்ன ஆயா?" சொன்னேன். அவள் பக்கத்துச் சுவரில் கை வைத்துக்கொண்டாள். வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை போல.

இரவு நல்ல தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்.

உத்தரவை எஸ்தர் படித்துக் காட்டினாள். இரு தரப்புக்கும் நீண்டகால முன்விரோதம் இருப்பது மனுதாரரின் எதிர்த்தரப்பாலேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு என்றால் நான்.

ஏகாம்பரம் உள்ளே வந்து நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? கேட்டில் போய் நின்றவன் அவன். நான் நடந்ததைத்தான் சொன்னேன். நடந்ததைச் சொல்லவா கோர்ட்டு, மறைக்கவா?

சோறு அடிப்பிடித்துவிட்டது. செவ்வந்தி என்னோடு பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தொண்டைக்கு மிளகு ரசம் வைத்தேன். குடிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

அவன் வந்துவிட்டான். மேலத்தெரு முனையில் இருந்து சரவெடி. மாலை போட்டு அழைத்துப் போனார்கள். ஆடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது.

செவ்வந்தி உள்ளே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "தொற" என்றேன்.

"நீ எதுனா சொல்லுவ ஆயா. நீ சொல்லாம இருக்க மாட்ட" என்றாள். ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

மார்ச் 5, புதன்

ஏகாம்பரம் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு காலனிக்கு வந்தான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. வெயிலில் நின்றபடி, முதல் தடவையாக நேராகவே பேசினான்.

"பெரிம்மா, அன்னிக்கு நான் உள்ள வந்திருக்கணும். அது என் தப்பு. இப்ப ஐகோர்ட்டுல ஜாமீன ரத்து பண்ணச் சொல்லிப் போட்டிருக்கறன். அது எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் கேளுங்க. அவன் இந்தப் பக்கம் வருவான். வாயப் புடுங்குவான். நீங்க திட்டுனீங்கன்னா, கல்லத் தூக்குனீங்கன்னா, உங்க மேல ஒரு கேசு போடுவான். செவ்வந்தி மேலயும் போடுவான். அப்பறம் ரெண்டு கேசையும் வாபஸ் வாங்கிக்கலாம்னு சமாதானத்துக்குக் கூப்புடுவான். இங்க எல்லாக் கேசும் அப்பிடித்தான் செத்துது. நான் பாத்திருக்கறன்."

"நான் வாய மூடிகினு இருக்கணும். அதான?"

"ஆமா பெரிம்மா."

தண்ணீர் கேட்டான். செவ்வந்தி எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

வந்தான். வண்டியை வாசலில் நிறுத்தி, இறங்காமல், "என்னா கெழவி, ஒன் வூட்டு வெளக்கு அணைஞ்சி போச்சி போலக்கீதே" என்றான்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்தேன்.

மார்ச் 22, சனி

வந்தான். பேசவில்லை.

மார்ச் 29, சனி

வந்தான். இளமாறன் பேரைச் சொல்லி, கம்பியை அடிப்பது போலக் கையால் காட்டினான். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் முந்தானையில் ரத்தம். பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

செவ்வந்தியை எஸ்தர் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கிருந்தே காலேஜ் போகட்டும் என்று. போகும்போது என் கையைப் பிடித்து, "ஆயா, நீ பேசாம இருக்கறத நான் பாத்துகினுதான் இருந்தன்" என்றாள்.

மீதி இருந்த ஆட்டை விற்றுவிட்டேன். மேய்க்கப் போனால் அவன் வருகிறான்.

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்குச் செவ்வந்தி சாட்சி. பெரிய சங்கம் நாளைக்கும் புறக்கணிப்பு அறிவித்துவிட்டது. இந்தத் தடவை புதுக் கட்டடத்தில் வாகனம் நிறுத்த இடம் இல்லை என்பதற்காக. இப்படியே தள்ளித் தள்ளிப் போட்டால் பெண் கல்யாணம் ஆகிப் போய்விடுவாள், மறந்துவிடுவாள், பயந்துவிடுவாள். அதுதான் கணக்கு.

டயர் கடை மாடியில் கூட்டம். இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். கை தூக்கச் சொல்லவில்லை. ஏகாம்பரம், "நான் போறன். வர்றவங்க வரலாம். வராதவங்கள ஒண்ணும் கேக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னான்.

மனைவிக்கு ஆபரேஷன் என்று சொன்ன பிள்ளை எழுந்து வெளியே போனான். படியில் அவன் அழுதது கேட்டது.

ஜூன் 11, புதன்

வந்தவர்கள் ஐந்து பேர். வராத நாலு பேரையும் எனக்குத் தெரியும்.

ஐந்து பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு செவ்வந்தியை நடுவில் விட்டு நடந்தார்கள். கேட்டில் வழி விடவில்லை. "துரோகி" என்றார்கள். சாதியைச் சொன்னார்கள். சட்டம் படித்தவர்கள், போலீஸ் நிற்கும்போதே சொன்னார்கள். எஸ்தரின் கோட்டுக் கை தோளோடு கிழிந்தது. ஏகாம்பரத்தின் கண்ணாடியை யாரோ தட்டிவிட்டார்கள். அவன் குனிந்து தேடவில்லை. குனிந்தால் வரிசை உடைந்துவிடும் என்று செவ்வந்தியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனான்.

இளமாறனோடு ஆஸ்பத்திரியில் இருந்த நானும் ஒரு சாட்சி என்பதால், அவள் சொல்லும்போது நான் உள்ளே இருக்கக் கூடாதாம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளோடு இருக்க வேண்டிய நேரத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நான். என்ன சொல்கிறாள், அழுகிறாளா, ஒன்றும் கேட்கவில்லை. இளமாறன் செத்த அன்று ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தண்டபாணியின் ஆட்கள் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். என்னைப் பார்த்துப் பேசியதை இங்கே எழுத மாட்டேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. செவ்வந்தி வந்தாள். பின்னால் ஏகாம்பரம், கண்ணாடி இல்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டன் ஆயா. எல்லாத்தையும் எழுதிகினாங்க. அவங்க வக்கீலு வரல. அவங்க கேள்வி கேக்கறது இன்னொரு நாளாம்."

சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

ஊருக்குப் போக முடியாது. பஸ் நிறுத்தத்தில் அவர்கள் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார்கள். எஸ்தர் வீட்டுத் தெருவிலும் நிற்கிறார்களாம். அதனால் டயர் கடை மாடிக்கு வந்தோம். ஏகாம்பரத்தைப் பெரிய சங்கத்து உறுப்பினர் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டதாக அதற்குள் போன் வந்துவிட்டது. அவனோடு உள்ளே வந்த நாலு பேரையும்தான். எஸ்தர் மேஜைகளை ஒதுக்கிப் பேப்பர் விரித்தாள். படுத்த உடனே செவ்வந்தி தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், சின்னப் பிள்ளையில் தூங்குவது போல. பத்து மாதமாக அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கட்டடத்துக்காரர் மேலே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. செவ்வந்தியைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க வக்கீல் சார். எனக்கும் நூறு ஃபோனு வந்துடுச்சி. கடைக் கண்ணாடிய ஒடைப்போம்ன்றான். ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. சங்கத்துப் பலகையையும் கழட்டிக்குங்க."

"எப்ப?" என்றான் ஏகாம்பரம்.

"இன்னிக்கேன்னாதான் நல்லது."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். கண்ணாடி இல்லாததால் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடிப் பார்த்தான். நான் எழுந்து போய்க் கட்டடத்துக்காரரை வெளியே விட்டு, கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உள்ளே நம்ம ஆட்கள் ஐந்து பேரும் சத்தம் வராமல் புத்தகங்களைக் கட்டுகிறார்கள். வெளியே அவர் இரண்டு தடவை தட்டிவிட்டார்.

தட்டட்டும். பெண் எழுந்த பிறகுதான் திறப்பேன்.